காபி நேரத்தில் காணாமல் போனது

ஔலு,
14.9.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

கைசு எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர்த்தால் நான் சௌக்கியம். உன் இருமல் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைக் கேட்டதற்கு நீ மீனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். இந்தத் தடவை இருமலைப் பற்றி எழுது, மீன் எப்படியோ பிழைத்துக்கொள்ளும்.

ஆகஸ்டில் உன்னோடு இருந்த நான்கு நாளும் எனக்கு மருந்து மாதிரி. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்குள் சூப் அடுப்பில் கொதிக்கிறது, வலை காய்கிறது, விறகு கூரை வரை அடுக்கியாயிற்று. ஒரு வேலையும் பாக்கி வைக்காமல் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்து சுரங்கத்துக் கதைகளாகச் சொன்னாய். ஐம்பத்து மூன்று வயதில் உனக்கு இப்படி ஒரு சோம்பேறித்தனம் வந்ததே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தக் கண்ணாடித் தட்டுகளில் அப்படி என்னத்தைத் தேடுகிறாய் என்று கேட்டாயே, ஒழுங்காகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்கும் தனக்கு ஆக்சிஜன் போதுமா போதாதா என்று தெரியும். போதாதபோது அதற்குள் ஒரு புரதம் சேர்கிறது. அது உட்கார்ந்துகொண்டு ரத்தத்தைக் கூட்டு, புது நாளம் போடு என்று உத்தரவு போடும். ஆக்சிஜன் வந்துவிட்டால் அந்தப் புரதத்தின் மேல் ஒரு நொதி முத்திரை குத்துகிறது என்பது என் எண்ணம். முத்திரை விழுந்ததைச் செல் தானே தின்று தீர்த்துவிடும். அந்த நொதியை இதுவரை யாரும் பிடிக்கவில்லை. எலும்பையும் தோலையும் கட்டுகிற நொதிகளோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். இதுவும் அந்தக் குடும்பத்து ஆளாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் நொதிக்குப் போவதற்கு முன்னால் அந்தப் புரதத்தையாவது நான் கண்ணால் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்த பெட்டிக்குள் செல்களை வைத்து எடுத்துப் பார்க்கிறோம். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் பார்த்ததாக எழுதுகிறார்கள், எங்கள் தட்டில் மட்டும் சுத்தமாக இல்லை. மே மாதம் எங்கள் வேலையை மதிப்பிட ஆய்வுக் குழு வருகிறது. அதற்குள் எதையும் காட்ட முடியாவிட்டால் என் அறை வேறு ஒருவருக்குப் போய்விடும்.

பக்கத்து வீட்டு லெம்பி அக்காவை விசாரித்ததாகச் சொல்.

உன் கைசு

*

ஏரிக்கரை,
5.10.1997

அன்புத் தங்கைக்கு ஆர்வோ எழுதுவது.

இங்கே நானும் ஏரியும் நலம். உன் முழங்கால் விரைவில் நலமாகட்டும். இருமல் இருக்கிறது, அதுவும் இந்த வீட்டில் ஒரு ஆள்தானே, துரத்தவா முடியும். இருபத்தாறு வருஷம் பாறைக்குள் வேலை பார்த்தவன் இருமாமல் என்ன பாடவா செய்வான். ஆக, இருமலைப் பற்றி எழுதிவிட்டேன்.

டெலிபோனை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். மணி அடித்தால் திடுக்கென்று இருக்கிறது. இனிமேல் கடிதம்தான், உன் கையெழுத்தைப் பார்த்த மாதிரியும் இருக்கும். லெம்பி இந்தக் குளிர்காலம் விறகு கொண்டுவந்து போடுவதாகச் சொல்கிறாள். புருஷன் போனதிலிருந்து அவளுக்குப் பொழுது போகவில்லை, நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அம்மா படுக்கையில் கிடந்தபோது நீ எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு இரண்டு வருஷம் இங்கே வந்து உட்கார்ந்தாய். திரும்பிப் போனபோது உன் பாதி வேலையை வேறு யாரோ முடித்துத் தங்கள் பெயரைப் போட்டிருந்தார்கள். நான் அப்போது சுரங்கத்தில் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். இந்த மே மாதம் வரை எது நடந்தாலும் நீ அந்தப் பெட்டிப் பக்கத்தை விட்டு நகரக்கூடாது.

இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று. பேனா சரியில்லை.

ஆர்வோ

*

ஔலு,
16.11.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், அந்த வீட்டு ஆளான இருமலைத் தவிர.

இங்கே ஒரே பாட்டுத்தான். புரதம் இருந்தால் சோதனைத் தாளில் கறுப்புக் கோடு விழ வேண்டும். பதினோரு முறை செய்தாயிற்று, பதினோரு முறையும் வெள்ளைத் தாள். ஹில்க்கா என்று எங்கள் ஆய்வகத்தில் ஒரு அம்மாள் இருக்கிறாள், முப்பது வருஷ அனுபவம், என்னை விட நன்றாகக் கை நடுங்காமல் வேலை செய்வாள். அவளே நேற்று, "இந்தப் புரதத்துக்கு நம்ம மூஞ்சியப் பிடிக்கல போல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். உனக்கு என்ன வாங்கி வர?

உன் கைசு

*

ஏரிக்கரை,
4.12.1997

அன்புத் தங்கைக்கு,

வா. ஒன்றும் வாங்க வேண்டாம். எந்த நாள், எந்த பஸ் என்று மட்டும் தப்பாமல் எழுது. போன தடவை மாதிரி எல்லாம் தயாராக இருக்கும்.

இங்கே பகல் என்று ஒன்று இல்லை, உனக்குத் தெரிந்ததுதான். ஏரி உறைந்துவிட்டது. பனிக்கட்டிக்கு அடியில் இந்த வருஷம் நான் வலை போடவில்லை. மீனுக்கும் ஓய்வு வேண்டாமா.

ஆர்வோ

*

ஔலு,
6.1.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த கறுப்பு ரை ரொட்டியை பஸ்ஸிலேயே பாதி தின்றுவிட்டேன்.

உன்னைப் பார்த்ததும் மனசு நிறைந்தது. சட்டை இஸ்திரி, முகச் சவரம், மேஜையில் பன்றி ஹாம், வேர்க்கிழங்குப் பதார்த்தம், எல்லாம் அம்மா இருந்தபோது இருந்த மாதிரி. ஒன்றுதான் குறை. சவுனா நீராவிக் குளியலுக்கு நீ வரவில்லை. நான் வருவதற்கு முன்னேயே குளித்துவிட்டதாகச் சொன்னாய். கிறிஸ்துமஸ் சவுனாவை ஒரு மனுஷன் காலையிலேயே தனியாக முடித்துக்கொள்வானா? தனியாக இருந்து இருந்து உனக்குக் கிறுக்குப் பிடிக்கிறது, லெம்பி அக்காவைக் கல்யாணம் செய்துகொள் என்று சொல்லலாமா என்று பார்க்கிறேன்.

இன்று மறுபடி ஒரு முறை செய்தோம். பன்னிரண்டாவது வெள்ளைத் தாள்.

உன் கைசு

*

ஔலு,
12.2.1998

அண்ணா,

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை, பரவாயில்லை, அதற்குள் இதைச் சொல்லியாக வேண்டும். கிடைத்துவிட்டது. தாளில் கரிக்கோடு மாதிரி, கறுப்பாக.

எப்படி என்று கேட்டால் சிரிப்பாய். இங்கே இரண்டு மணிக்குக் காபி. கட்டிடம் தீப்பிடித்தாலும் இரண்டு மணிக்குக் காபி. அதனால் எப்போதும் இரண்டு மணிக்குச் செல்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஐஸ் மேல் வைத்துவிட்டு, காபி குடித்து வந்து உடைத்துப் பார்ப்போம். ஐஸ் மேல் வைத்தால் எதுவும் ஓடிப்போகாது என்பது என் பதினெட்டு வருஷப் பழக்கம். எலும்புப் புரதங்கள் நாள்கணக்கில் அப்படியே இருக்கும். போன வாரம் ஹில்க்கா காபிப் பொடி வாங்க மறந்துவிட்டாள். இது இங்கே எவ்வளவு பெரிய குற்றம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்குச் செய்ய வேறு வேலை இல்லாததால் தட்டுகளை எடுத்த கையோடு செல்களை உடைத்தேன். மங்கலாக ஒரு கோடு இருந்தது.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அந்தப் புரதத்துக்கு ஆயுள் சில நிமிஷம்தான். வெளிக்காற்று பட்டதும், ஐஸ் மேல் செல் சில்லிடுவதற்குள்ளேயே அது போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் நாங்கள் வெளியே எடுத்து, நல்ல காற்றில் வைத்து, உனக்கு மூச்சு முட்டியதா என்று கேட்டிருக்கிறோம். அது எனக்கு ஒன்றுமே இல்லையே என்று பதில் சொல்லியிருக்கிறது. இப்போது பெட்டியிலுள்ள கையுறைகள் வழியே உள்ளே கையை விட்டு, அங்கேயே உடைத்துவிடுகிறோம். ஐந்து முறை செய்தோம், ஐந்து முறையும் கறுப்புக் கோடு.

ஹில்க்கா அழுதுவிட்டாள். நானும்தான்.

உடனே பதில் எழுது.

உன் கைசு

*

ஔலு,
15.3.1998

மரியாதைக்குரிய லெம்பி அக்காவுக்கு,

நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்களுக்கு இதற்கு முன் கடிதம் எழுதியதில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

அண்ணனிடமிருந்து டிசம்பருக்குப் பிறகு கடிதம் இல்லை. போன வாரம் மட்டும் ஒரு அட்டை வந்தது. "மகிழ்ச்சி. ஆர்வோ" என்று இரண்டே சொல். ஏரியில் ஒரு மீன் சிக்கினால் இரண்டு பக்கம் எழுதுகிறவன் அவன்.

நேற்று ஆய்வகத்தில் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றபோது திடீரென்று அவன் நினைவு வந்தது. நான் அவனை எப்போதெல்லாம் பார்த்திருக்கிறேன் என்று எண்ணினேன். நாளையும் பஸ்ஸையும் எழுதிவிட்டு வந்த நாட்களில் மட்டும்தான். அந்த நாட்களில் அவன் நாற்காலியில் இருந்தான். எழுந்து நடந்ததைப் பார்த்தேனா என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

நான் வராத நாட்களில் அவனைப் பார்ப்பது நீங்கள்தான். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அக்கா.

கைசு

*

ஏரிக்கரை,
22.3.1998

கைசுவுக்கு லெம்பி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நாங்கள் எல்லாரும் நலம். உன் கடிதத்தைப் பார்த்ததும் அப்பாடா என்று இருந்தது. உன் அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான், நானாக உனக்கு எழுதக்கூடாது என்று. கேட்டால் பதில் சொல்லக்கூடாது என்று வாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் கதவில் விளக்குமாறு சாத்தியிருந்தால் வீட்டில் ஆள் இல்லை, யாரும் உள்ளே போகக் கூடாது. அக்டோபரிலிருந்து ஆர்வோ வீட்டுக் கதவில் பாதி நாள் விளக்குமாறு. நானும் அவன் ஊருக்குள் போயிருக்கிறான் என்று விறகைப் போட்டுவிட்டு வருவேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் பார்த்தால் விளக்குமாறு கதவில் இருக்கிறது, புகைபோக்கியில் புகை போகிறது. சனிக்கிழமைகளில் சவுனாப் புகை மட்டும் கிடையாது. விளக்குமாற்றைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். இந்த வயதில் முதல் தடவையாக அப்படிச் செய்தேன். மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றி நிற்கிறான், உதடு நீலம், பேச்சு வரவில்லை. கால் மணி நேரம் கழித்துப் பேசினான்.

டாக்டர் நவம்பரிலேயே சொல்லிவிட்டாராம், கல்தூசி நுரையீரலை அடைத்துவிட்டது, வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள் என்று. மாட்டேன் என்று வந்துவிட்டான். மூக்கில் குழாயோடு இருந்தால் நீ பார்த்துவிடுவாயாம். டெலிபோனை எடுத்ததும் அதற்குத்தான், மூச்சு வாங்குவது கேட்டுவிடுமாம். நீ வரும்போது ஒரு வாரம் முன்னாலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்து வைப்பான், முக்கால்வாசி நானும் என் பையனும் செய்ததுதான். நீ வருவதற்கு முந்தின நாள் பூராவும் படுத்தே கிடப்பான். "அப்பத்தான் அவ எதுக்க நிமிந்து உக்கார முடியும், லெம்பி" என்பான்.

"ஏன்டா இப்படிச் செய்றே" என்று திட்டினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவளுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே பையத் தூக்கிட்டு வந்துருவா. எங்கம்மாவுக்கு ஒரு தடவ தன் வேலையக் கொடுத்துட்டா. எனக்கும் கொடுக்கணுமா?"

என் மேல் கோபப்பட்டால் படட்டும்.

லெம்பி

*

ஔலு,
27.3.1998

அண்ணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். லெம்பி அக்காவைத் திட்டாதே, நான்தான் கேட்டேன்.

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். உன் மேல் பாதி, என் மேல் பாதி. செல்லுக்கு மூச்சு முட்டுவது எப்படித் தெரிகிறது என்று ஆராய்கிறவள் நான். உன் எதிரே உட்கார்ந்து சூப் குடித்துவிட்டு, நல்ல சூப் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சோம்பேறி என்று வேறு உனக்கு எழுதினேன். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இயக்குநருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். மேஜையில் இருக்கிறது. திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று இருந்தேன், உனக்குச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. நீ ஒளித்த மாதிரி நானும் ஒளித்தால் பிறகு நமக்குள் என்ன இருக்கிறது. புரதம் யார் கையிலாவது கிடைக்கும். எனக்கு அண்ணன் ஒருத்தன்தான்.

கைசு

*

ஏரிக்கரை,
9.4.1998

அன்புத் தங்கைக்கு,

நான் நலமாக இல்லை. இப்படி ஆரம்பிக்க முடியுமா என்று பார்த்தேன், முடிகிறது.

உள்ளதை எழுதுகிறேன். கட்டிலிலிருந்து அடுப்புக்குப் பதினான்கு அடி, நடுவில் ஒரு தடவை நிற்க வேண்டும். விறகுக் கொட்டகைக்கு நான்கு தடவை. ஆகஸ்டில் நீ வந்தபோது படகைக் கரையேற்றியது லெம்பியின் மகன். கிறிஸ்துமஸ் சவுனாவுக்கு நான் காலையிலும் போகவில்லை. ஜனவரி மாதம் உனக்கு மூன்று கடிதம் ஆரம்பித்தேன், மூச்சு வாங்கியதில் எழுத்து கோணலாகப் போனது. நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று அடுப்பில் போட்டேன்.

நீ அந்தப் புரதத்தைப் பார்த்துவிட்டதாக எழுதிய அன்று நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். பிறகு வெகு நேரம் இருமினேன். அந்த இருமல் எனக்குப் பிடித்திருந்தது, கைசு.

மெஷின் வந்துவிட்டது. லெம்பி என்னைக் கேட்காமல் டாக்டருக்குப் போன் செய்துவிட்டாள். மூக்கில் குழாய், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. இரவு படுத்தால் தூங்க முடிகிறது. முன்பே வைத்திருக்கலாம்.

அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நீ எனக்காக வேலையை விட்டு வந்தால் நான் ஒவ்வொரு நாளும் உன் முகத்தைப் பார்த்து வெட்கப்பட வேண்டியிருக்கும். அதற்கு மெஷின் கிடையாது. தனியாக இருக்கிறேன் என்று நான் பிடிவாதம் பிடித்தாலும் நீ விடமாட்டாய், அதுவும் தெரியும். ஆகவே யோசித்தேன். லெம்பியிடம் கலந்து பேசினேன். அவள் மகனிடம் வேன் இருக்கிறது, மெஷினையும் ஏற்றலாம் என்கிறான்.

நான் அங்கே வந்து உன்னோடு இருக்கலாமா? பட்டணம் எனக்கு ஆகாது என்று முப்பது வருஷமாகச் சொல்லியிருக்கிறேன், அதை மறந்துவிடு. பகலெல்லாம் நீ உன் பெட்டியோடு இரு, சாயங்காலம் வந்து என்னோடு சாப்பிடு. அது போதும்.

ஒரே ஒரு கேள்வி. உன் வீடு இரண்டாம் மாடியில் என்று நினைவு. மொத்தம் எத்தனை படி? எனக்குப் பயமாக இருக்கும் என்று குறைத்து எழுதாதே. எட்டு ஏறினால் எனக்குக் கண் இருட்டுகிறது.

ஆர்வோ

*

ஔலு,
15.4.1998

என் அண்ணனுக்கு,

ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். மே மாதம் குழுவிடம் காட்ட ஐந்து படங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அது போதுமா என்று தெரியவில்லை. என் அறை இருந்தாலும் போனாலும் நீ வருகிறாய், அதில் மாற்றம் இல்லை. உன் கட்டில் ஜன்னலோரம் போட்டாயிற்று. மெஷின் சத்தம் கேட்குமே என்று யோசிக்காதே, ஆய்வகத்தில் அதைவிடச் சத்தத்தில் நாளெல்லாம் நிற்கிறவள் நான்.

படி முப்பத்திரண்டு. இரண்டு தடவை எண்ணினேன், ஹில்க்காவையும் கூட்டி வந்து எண்ணச் சொன்னேன், ஒன்றுகூடக் குறையவில்லை.

எட்டாவது படியில் மாடிப்படி திரும்புகிறது, அங்கே ஒரு நாற்காலி போட்டேன். பதினாறாவதில் ஒன்று, இருபத்து நான்காவதில் ஒன்று. மாடிப்படியில் சாமான் வைக்கக் கூடாது என்று குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் வந்து கதவைத் தட்டினார். அவை எதற்கு என்று நான் சொன்னேன். இறங்கிப் போனார். மறுநாள் காலையில் பார்த்தால் மூன்று இடத்திலும் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்கிறது, நான் உட்கார.

உன் கைசு